சிவப்புப் பளிங்கு, ஆட்டுக்கடாத் தலை: 19ஆம் நூற்றாண்டின் 'லூயி 16 பாணி' ஜாடிகளை நகல் என்று தள்ளிவிடலாமா?

சேன்_கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பாரிஸ் ட்ருவோ ஏலக்கூடத்தில் அடுத்த வாரம் ஒரு ஜோடி அலங்கார ஜாடிகள் ஏலத்துக்கு வருகின்றன. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உயரம் 40 சென்டிமீட்டர் இருக்கும். முட்டை வடிவ உடல், ரத்தச் சிவப்பு மார்பிள், அதில் அங்கங்கே வெள்ளைக் கண்கள் போலப் புள்ளிகள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டுக்கடாத் தலைகள். ஒரு கொம்பிலிருந்து அடுத்த கொம்புக்கு லாரல் இலைத் தோரணம் தொங்குகிறது. மூடியின் உச்சியில் பைன் காய். உலோகம் எல்லாம் தங்க முலாம் பூசிய வெண்கலம். விற்பனைப் பட்டியலில் 'லூயி 16 பாணி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். செய்தவர் பெயர் இல்லை.

என்னுடன் வேலை செய்யும் பிரெஞ்சு நண்பரிடம் படத்தைக் காட்டினேன். "காப்பிக்கு ஏன் காசைக் கொட்டுகிறாய்?" என்று கேட்டுவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆட்டின் நெற்றி மயிர்ச் சுருள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டியிருப்பது தெரிகிறது. இவ்வளவு உழைத்துச் செய்த ஒன்றை எப்படி மதிப்பிடுவது? நேரில் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மூலம்தேடி எழுதியது:

உங்கள் நண்பர் சொன்னதில் தப்பில்லை. பிரெஞ்சு மன்னர் லூயி 16 ஆண்டது 1774 முதல் 1792 வரை. அந்தக் காலத்தில் செய்தது ஒன்று, நூறு வருஷம் கழித்து அதைப் பார்த்துச் செய்தது வேறொன்று. ஒன்றில் கண்டுபிடிப்பு இருக்கிறது, மற்றதில் கைப்பழக்கம்தான் இருக்கிறது. இந்த ஆட்டுத்தலை, தோரணம், பைன் காய் எல்லாம் 1900 வாக்கில் பாரிஸில் பணக்கார வீட்டுக் கணப்படுப்பு மாடம் ஒவ்வொன்றிலும் நின்றவை. நடுவில் கடிகாரம், இரு பக்கமும் ஜாடி என்று செட்டாகவே விற்றார்கள். உங்கள் ஜோடியும் அப்படி ஒரு செட்டிலிருந்து பிரிந்து வந்ததாக இருக்கலாம், கடிகாரம் எங்கே என்று கேளுங்கள்.

அதே பணத்துக்கு 18ஆம் நூற்றாண்டுப் பொருள் சின்னதாக ஒன்று வாங்கலாம். ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி போதும். அது அசலாக இருக்கும்.

---

பழம்பாரிஸ் எழுதியது:

மூலம்தேடி, மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் 'மூலம்' என்று சொல்வது எது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

எரிமலையில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தை 1738இலும் பொம்பேயியை 1748இலும் தோண்டத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஐரோப்பா முழுக்க கிரேக்க, ரோமானிய வடிவங்கள் மேல் மோகம் பிடித்தது. 1760களில் பாரிஸில் 'கிரேக்க ரசனை' என்றே பேச்சு. ஆட்டுத்தலையும் லாரல் தோரணமும் ரோமானியப் பலிபீடங்களில் இருந்து வந்தவை. ஜாடி வடிவங்களே மெடிசி ஜாடி, போர்கேசே ஜாடி என்ற பழங்காலப் பளிங்கு ஜாடிகளின் வழிவந்தவை. ஆக, நீங்கள் அசல் என்று கொண்டாடும் 1775ஆம் ஆண்டு ஜாடியும் பழைய பாணியை மீட்டெடுத்த ஒரு மறுமலர்ச்சிப் பொருள்தான்.

இதன் உச்சம் ஓமோன் கோமகன். இன்று பாரிஸில் கான்கார்ட் சதுக்கத்தில் க்ரியோன் ஹோட்டல் இருக்கிறதே, அதுதான் அவர் வாழ்ந்த மாளிகை. அரிய கல் என்றால் அவருக்கு உயிர். ரோமுக்கு ஆள் அனுப்பிப் போர்ஃபிரி என்ற கடினக் கல்லிலும் பளிங்கிலும் செய்த பழைய தூண்களை வாங்கி வரச் செய்தார். கல்லை அறுத்து மெருகேற்ற 1770 வாக்கில் ஒரு பட்டறையே ஏற்படுத்தினார். அந்தக் கல்லுக்கு உலோக அணி செய்தவர் பியேர் கூத்தியேர். வடிவம் வரைந்து கொடுத்தவர்களில் பெலாஞ்ஜே என்ற கட்டடக் கலைஞரும் உண்டு.

லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் கூத்தியேர் செய்த ஒரு நறுமணப் புகைக்கலம் இருக்கிறது. அனுமதி இலவசம், போனால் தவறவிடாதீர்கள். சிவந்த ஜாஸ்பர் கல்லில் கிண்ணம், அதைத் தாங்கும் மூன்று கால்களின் மேலே சாத்தர் (பாதி மனிதன், பாதி ஆடு) முகங்கள், கீழே ஆட்டுக் குளம்பு. கால்களுக்கு நடுவில் ஒரு பாம்பு சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. திராட்சை இலையின் நரம்பைக்கூட எண்ணலாம். 1782 டிசம்பரில் ஓமோனின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது லூயி 16இன் அரசி மரி அந்த்வானெத்துக்காக அதை 12,000 லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) வாங்கினார்கள். அந்த ஏலப் பட்டியலில் கூத்தியேர் வேலைகளுக்குப் பக்கத்தில் 'ஜி' என்ற எழுத்தைப் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்த ஒரு கைவினைஞரின் பெயரே விலையை ஏற்றும் அளவுக்குப் போயிருந்தது.

அப்படிப்பட்டவர் கடைசியில் என்ன ஆனார்? 1780களின் கடைசியில் திவால். லூயி 15இன் காதலி மதாம் து பாரிக்கு லூவ்சியேன் மாளிகையில் செய்து கொடுத்த வேலைகளுக்குப் பெரும் பாக்கி நின்றது. 1793இல் அந்த அம்மாவைக் கில்லட்டினில் வெட்டினார்கள், பாக்கி பாக்கியாகவே போயிற்று. 1813இல் கூத்தியேர் வறுமையில் செத்துப்போனார். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

---

பழம்பாரிஸ் எழுதியது:

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், 19ஆம் நூற்றாண்டில் லூயி 16 பாணிக்கு வந்த மறுமலர்ச்சிக்கு வருகிறேன். மூன்றாம் நெப்போலியனின் பேரரசி யூஜெனிக்கு மரி அந்த்வானெத் மேல் அளவில்லாத ஈடுபாடு. துய்லரி, சென் குளூ அரண்மனைகளில் லூயி 16 காலப் பொருட்களைக் கொண்டுவந்து வைத்தார். 1867இல் வெர்சாயின் பெத்தி ட்ரியனோன் மாளிகையில் மரி அந்த்வானெத் நினைவுக் கண்காட்சி ஒன்று அவர் ஆதரவில் நடந்தது. இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1865இல் பாரிஸில் நடந்த பழம்பொருள் கண்காட்சிக்கு, பாரிஸில் வாழ்ந்த ஆங்கிலேயச் சேகரிப்பாளர் ஹெர்ட்ஃபோர்ட் பிரபு தன் சேகரிப்பிலிருந்து பலவற்றை இரவல் கொடுத்தார். நான் மேலே சொன்ன புகைக்கலம் அவரிடம் வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அரண்மனைக்குள் பூட்டிக் கிடந்ததைப் பாரிஸ் பட்டறைக்காரர்கள் கிட்டப் போய்ப் பார்க்க முடிந்தது இந்தக் கண்காட்சிகளால்தான்.

பார்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஹென்றி தாசோன், ஆல்ஃப்ரெட் ப்யூர்தலே, பார்பதியென், சோர்மானி, அப்புறம் கொஞ்சம் பிந்தி ஃபிரான்சுவா லிங்கே. ப்யூர்தலே பட்டறையின் வெண்கலத்தை 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று விவரம் தெரிந்தவர்களே நம்பி ஏமாந்திருக்கிறார்கள். தாசோன் வேலையை 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பார்த்தவர்கள் வியந்தார்கள். இவர்களைக் 'கைப்பழக்கம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது அநியாயம்.

---

மூலம்தேடி எழுதியது:

தாசோனும் ப்யூர்தலேயும் பெரிய ஆட்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சேன்_கரை காட்டுவதில் அவர்கள் பெயர் இல்லையே. பெயரில்லாத நூற்றுக்கணக்கான பட்டறைகள் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் கடைக்கு மொத்தமாகச் செய்து கொடுத்தவர்கள். உச்சியில் இருந்த ஐந்து பேரின் புகழை எல்லோர் தலையிலும் கட்டுவது சரியில்லை.

---

வெண்கலக்கை எழுதியது:

நான் லியோனில் உலோகப் பொருட்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பம் கும்பகோணம் பக்கம் வார்ப்பு வேலை பார்த்த குடும்பம், அதனால் இந்தப் பேச்சில் நுழையாமல் இருக்க முடியவில்லை.

மூலம்தேடி கேட்டது நியாயமான கேள்வி. பெயர் இல்லாதபோது எதை வைத்துத் தரம் பார்ப்பது? பொருளை வைத்துத்தான். அதற்குச் செய்முறை தெரிய வேண்டும்.

நம் பக்கம் மெழுகில் சிலை செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு உலோகம் வார்ப்போம். அச்சு ஒரு தடவைதான். பாரிஸில் இந்த அணிகளைப் பெரும்பாலும் மணல் அச்சில் வார்த்தார்கள். பாரிஸுக்குத் தெற்கே ஃபொந்தனே ஓ ரோஸ் என்ற ஊரின் மணல் அதற்குப் பேர்போனது, மாவு மாதிரி நைசாக இருக்கும். ஆட்டுத்தலை தனி, தோரணம் தனி, பீடத்தின் விளிம்பு தனி, பைன் காய் தனி என்று வார்த்துக்கொள்வார்கள். அச்சிலிருந்து வரும்போது முகம் மழுங்கலாக இருக்கும். அதன் பிறகு செதுக்குகிறவர் உட்கார வேண்டும். சிற்றுளியும் சின்னச் சுத்தியும் வைத்து மயிர், இலை நரம்பு, கண்ணிமை எல்லாவற்றையும் அவர்தான் கொண்டுவருவார். அச்சு ஒன்றாகவே இருந்தாலும், செதுக்குகிறவர் கை மாறினால் ஆடு மாறிவிடும். மலிவான பட்டறையில் இந்த வேலையைச் சுருக்கிவிடுவார்கள், மயிர்ச் சுருள்களுக்கு நடுவே பள்ளம் இருக்காது, சும்மா கோடு போட்டிருக்கும்.

அப்புறம் முலாம். பழைய முறை பாதரச முலாம். தங்கத்தைச் சூடான பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் பதத்தில் ஒரு கலவை வரும். அதை மெல்லிய தோலில் வைத்துப் பிழிந்து, மிச்சப் பாதரசத்தை எடுத்துவிடுவார்கள். வெண்கலத்தை அமிலத்தில் கழுவி, இந்தக் கலவையைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் பூசி, கரி நெருப்பின் மேல் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் வெண்கலத்தோடு ஒட்டிக்கொள்ளும். பளபளக்க வேண்டிய இடத்தை அகேட் அல்லது ஹெமடைட் கல்லால் தேய்ப்பார்கள். மங்கலாக இருக்க வேண்டிய இடத்துக்கு வெடியுப்பு, படிகாரம், சாப்பாட்டு உப்பு சேர்ந்த குழம்பைத் தடவிச் சூடாக்கித் தண்ணீரில் முக்குவார்கள். இந்த மங்கல் முலாமைக் கொண்டுவந்த பெருமையைக் கூத்தியேருக்குத்தான் தருகிறார்கள். ஒரே தோரணத்தில் இலை மங்கல், பழம் பளபளப்பு என்று மாற்றி மாற்றி வந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

இதற்குக் கொடுத்த விலை மனிதர்களின் உடம்பு. பாதரசப் புகையை நாள் முழுக்கச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் விழும், அற்ப ஆயுளில் போய்விடுவார்கள். ராவ்ரியோ என்ற வெண்கல வேலைக்காரர், நெப்போலியனுக்கு வேலை செய்தவர், 1814இல் இறந்தார். முலாம் பூசுபவர்களை இந்தப் புகையிலிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 ஃபிராங்க் பரிசு என்று உயில் எழுதிவைத்திருந்தார். புகையை மேலே இழுத்து வெளியே விடும் அடுப்பு ஒன்றை வடிவமைத்து அந்தப் பரிசை 1818இல் வாங்கியவர் தார்சே என்ற வேதியியலாளர். எங்கள் பட்டறையில் பழைய ஜாடி ஒன்றைக் கழற்றும்போதெல்லாம் எனக்கு இந்த இருவர் நினைவுதான் வரும்.

1840இல் இங்கிலாந்தில் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கினார். 1842இல் பிரான்ஸில் அந்த உரிமை கிறிஸ்டோஃப்ல் நிறுவனத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு மலிவு வேலை எல்லாம் மின்முலாமுக்குப் போயிற்று. உயர்ந்த பட்டறைகள் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் பாதரசத்தை விடவில்லை. ஆக, சேன்_கரையின் ஜாடியில் எது இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பெயர் அதற்கு அடுத்ததுதான்.

---

சேன்_கரை எழுதியது:

வெண்கலக்கை அண்ணா, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நன்றி. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியுமா? ஆய்வகத்துக்குப் போக எனக்கு வழியில்லை.

---

வெண்கலக்கை எழுதியது:

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வைத்தால் பாதரசம் மிஞ்சியிருப்பது தெரிந்துவிடும். ஆனால் கண்ணே பெரும்பாலும் போதும். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். பாதரச முலாம் கையால் பூசுவது, தங்கமோ விலை அதிகம், அதனால் கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில் பூச மாட்டார்கள். விளிம்பைத் தாண்டித் தங்கம் கொஞ்சம் வழிந்திருக்கும், அதற்கு அப்பால் வெறும் வெண்கலம். மின்முலாம் என்றால் பொருளைத் தொட்டியில் முக்கி எடுப்பது, எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறியிருக்கும்.

விற்பனைக்கு முந்தின நாள் பார்வைக்கு வைப்பார்கள். அங்கே இருக்கும் ஊழியரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஆட்டுத்தலை பாரத்தைத் தாங்காது. அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஜாடிகள் ஒரே கல் இல்லை. மூடி, உடல், கழுத்து, பீடம் என்று துண்டுகளாகக் கடைந்து, நடுவில் துளையிட்டு, ஒரு நீண்ட கம்பியால் கோத்து, அடியில் மரை போட்டு முறுக்கியிருப்பார்கள். அந்தக் கம்பியும் மரையும் பழசா, புதுசா, துரு எப்படி, யாராவது சமீபத்தில் கழற்றிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய திருகுகளின் புரி கையால் அராவியது, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்றால் எந்திரத் திருகு இருப்பது இயல்புதான்.

பீடத்தின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருந்தால் யாரோ அதை மின்விளக்காக மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 20ஆம் நூற்றாண்டில் எத்தனை நல்ல ஜாடிகள் இப்படி நாசமாயின என்று சொல்லி மாளாது. மூடியில் துளை போட்டு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, எடை. சில செட்டுகளில் வெண்கலத்துக்குப் பதிலாகத் துத்தநாகக் கலவையில் வார்த்துப் பொன் பூசியிருப்பார்கள். உட்புறத்தில் மறைவான இடத்தில் தேய்மானம் இருந்தால் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் வெண்கலம், சாம்பல் வெள்ளை என்றால் துத்தநாகம். துத்தநாகம் என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

---

கல்விரும்பி எழுதியது:

எல்லோரும் உலோகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கல்லுக்காக நான் வருகிறேன். நான் புவியியல் படித்தவள்.

ரத்தச் சிவப்பில் வெள்ளைக் கண் என்றால் அது க்ரியோத் பளிங்கு. தெற்கு பிரான்ஸில் லாங்டோக் பகுதி, கோன் மினர்வுவா ஊர்ப் பக்கமும் பிரனீஸ் மலையிலும் கிடைக்கிறது. அந்த வெள்ளைக் கண்கள் கோனியடைட் என்ற பழங்காலக் கடல் உயிரிகளின் ஓடுகள், டெவோனியன் காலத்தவை. படத்தை மறுபடி பாருங்கள், சில கண்களில் சுருள் அமைப்பு தெரியும். முப்பத்தைந்து கோடி வருஷத்துக்கும் மேல் பழசான ஓட்டைக் குறுக்கே அறுத்து மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். அசலா நகலா என்று சண்டை போடும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வெர்சாயின் கிராண்ட் ட்ரியனோன் தூண்களும் அதே லாங்டோக் சிவப்புக் கல் குடும்பம்தான்.

ஜோடியில் இரண்டு கல்லும் ஒரே பாளத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள். நல்ல பட்டறை ஒரே பாளத்திலிருந்துதான் எடுக்கும், நிறமும் நரம்பும் ஒத்துப்போகும். ஒன்று அடர் சிவப்பு, மற்றது செங்கல் நிறம் என்றால் ஒன்றைப் பின்னால் மாற்றியிருக்கலாம்.

பளிங்குத் தூளைப் பிசினில் கலந்து வார்த்த நவீனப் பொருளும் சந்தையில் உண்டு. அதைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்காது, எங்காவது அச்சுக் கோடு தெரியும். போர்ஃபிரி என்று யாராவது சொன்னால் கவனம், அது எகிப்தியக் கிழக்குப் பாலைவனத்து எரிமலைக் கல், கத்தி கீறாது. பளிங்கைக் கத்தி கீறிவிடும். ஆனால் ஏலக்கூடத்தில் கத்தியை எடுத்துவிடாதீர்கள்!

இங்கிலாந்துப் பக்கம் மேத்யூ போல்டன் என்ற பட்டறைக்காரர் செய்த ஜாடிகளில் ப்ளூ ஜான் என்ற டார்பிஷயர் ஃப்ளூரைட் இருக்கும், ஊதாவும் மஞ்சளும் மாறி மாறி வரும். இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 1770 வாக்கில் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் செய்து கொடுத்தவை இன்னும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன.

---

அமுதா_ஸ்ட்ராஸ்பூர் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாமா? இதே மாதிரி வெள்ளைப் பளிங்கு, லாரல் தோரணம் உள்ள ஒற்றை ஜாடியை ஒரு கடையில் பார்த்தேன். உலோகத்தில் மகுடம் வைத்த 'சி' எழுத்து முத்திரை இருக்கிறது. "இந்த முத்திரை இருந்தாலே 18ஆம் நூற்றாண்டு, நிச்சயம்" என்று கடைக்காரர் சொல்கிறார். விலையும் அதற்கேற்ப.

---

பழம்பாரிஸ் எழுதியது:

அமுதா, வாங்காதீர்கள். மகுடம் வைத்த 'சி' ஒரு வரி முத்திரை. செம்பு கலந்த உலோகங்களுக்குப் போட்ட வரி அது, 1745 முதல் 1749 வரை மட்டும் நடப்பில் இருந்தது. அந்த நான்கு வருஷங்களில் பாரிஸில் எல்லாம் சங்கும் சுருளும் வளைந்த ரொக்கோக்கோ பாணி. லாரல் தோரணம் தொங்கும் செவ்வியல் ஜாடி வர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அந்த வடிவத்தில் இந்த முத்திரை இருக்க நியாயமே இல்லை. நம்ப வைப்பதற்காக யாரோ பின்னால் அடித்திருக்கிறார்கள்.

கையொப்பம் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். முத்திரை போடும் கட்டாயம் தச்சர்களுக்கு இருந்தது, வெண்கலக்காரர்களுக்கு இருந்ததில்லை. கூத்தியேர் கையொப்பமிட்டவை மிகச் சில. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் நல்ல வெண்கலம் எதைப் பார்த்தாலும் கூத்தியேர் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தை ஒழுங்கு செய்ய 2016இல் நியூயார்க் ஃப்ரிக் கலெக்‌ஷன் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்த வேண்டியிருந்தது. மறுமலர்ச்சிக்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். தாசோன் தன் பெயரையும் வருஷத்தையும் வெட்டிவைப்பார். பார்பதியென் பெயரையும் பார்க்கலாம். ப்யூர்தலே வெண்கலத்தின் பின்பக்கம் 'பி ஒய்' என்று இரண்டு எழுத்து அடித்திருக்கும். யாரையும் ஏமாற்ற அவர்கள் இதைச் செய்யவில்லை.

---

மூலம்தேடி எழுதியது:

அமுதாவுக்குப் பழம்பாரிஸ் சொன்ன பதில் பொன்னானது. அதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிரான்ஸில் வாங்குபவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. 1981 மார்ச் 3ஆம் தேதி வந்த ஆணை ஒன்று இருக்கிறது. 'லூயி 16 காலத்தது' என்று விற்பவர் எழுதினால் அந்தக் காலத்தில் செய்தது என்று அவர் உத்தரவாதம் தருகிறார். 'லூயி 16 பாணி', 'லூயி 16 ரசனையில்' என்று எழுதினால் காலத்துக்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. ஆகவே கடைக்காரர் வாயால் சொல்வதைக் காகிதத்தில் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வெர்சாய் அரண்மனைக்கே 18ஆம் நூற்றாண்டு நாற்காலிகள் என்று போலிகளை விற்ற விவகாரம் 2016இல் வெடித்தது நினைவிருக்கும். நான் மூலத்தை இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான். என் கோபம் பொய் சொல்பவர்கள் மேல், 1880இல் உட்கார்ந்து ஆட்டுத்தலையைச் செதுக்கிய கைவினைஞர் மேல் இல்லை. சேன்_கரையின் பட்டியல் ஒழுங்காகப் 'பாணி' என்று போட்டிருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் என் பணத்தை நான் அதில் போட மாட்டேன்.

---

புதுவை_வள்ளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். சைகோனிலிருந்து திரும்பும்போது வாங்கி வந்ததாகச் சொல்லப்படும் ஜோடி ஜாடி புதுச்சேரி வீட்டில் இருக்கிறது. வெள்ளைப் பளிங்கு, பாம்புக் கைப்பிடி, உலோகம் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்த்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். செய்யலாமா?

---

வெண்கலக்கை எழுதியது:

வள்ளி, அம்மாவைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்! புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை, தேய்க்கத் தேய்க்க உள்ளே இருப்பதும் பித்தளைதான். இங்கே மேலே இருக்கும் தங்கம் மெல்லிய படலம். ஒரு பொங்கலில் போய்விடும், திரும்ப வராது. புளித்தண்ணீர் வழிந்து பளிங்கில் பட்டால் அதுவும் அரித்துவிடும், கல்லின் மெருகு போய்ச் சொரசொரப்பாகிவிடும். கல்விரும்பி அம்மா இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

கறுப்பு பெரும்பாலும் தூசியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்த படிவாக இருக்கும். மென்மையான ஓவியத் தூரிகையால் உலர்ந்த தூசியை மட்டும் தட்டி எடுங்கள். அதற்கு மேல் பழுதுபார்ப்பவர் கையில் விடுங்கள். புதிதாகத் தங்க முலாம் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய முலாம் தேய்ந்திருந்தாலும் அதன் மதிப்பு புதியதற்கு வராது. ஜன்னல் பக்கத்தில் வைத்திருந்தால் உள்ளே நகர்த்திவிடுங்கள், கடல் காற்று உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்தால் கல் உள்ளிருந்து வெடிக்கும்.

---

கல்விரும்பி எழுதியது:

வெண்கலக்கை சொன்னது சரிதான். பளிங்கு கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். பீடத்தில் பழுப்பு நிறக் கறை கசிந்திருந்தால் அது உள்ளே துரு என்பதன் அடையாளம், வள்ளி அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

சேன்_கரை எழுதியது:

இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊழியர் பொறுமையானவர், இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்து, சாய்த்து அடிப்பக்கத்தையும் காட்டினார்.

தோரணத்தின் பின்பக்கம் வெறும் வெண்கலம். விளிம்பில் தங்கம் ஒழுங்கில்லாமல் வழிந்து நின்றிருக்கிறது, ஓர் இடத்தில் தூரிகை இழுத்த தடம்கூடத் தெரிந்தது. இலைகள் மங்கல், நடுவில் இருக்கும் சின்னச் சின்னப் பழங்கள் பளபளப்பு. ஆட்டின் காதுக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன், யார் கண்ணிலும் படாத அந்த இடத்திலும் மயிர் வெட்டியிருக்கிறது. நான்கு ஆட்டின் முகமும் ஒன்றுக்கொன்று துளி வித்தியாசம், ஒன்றின் கீழுதடு லேசாகத் திறந்திருக்கிறது. விளக்கு ஓட்டை எதுவும் இல்லை. ஒரு ஜாடியின் மரை மட்டும் புதுசு. கல் இரண்டும் ஒரே சிவப்பு. கல்விரும்பி சொன்ன சுருளை ஒரு வெள்ளைக் கண்ணில் பார்த்துவிட்டேன்!

குறை என்றால், ஒன்றின் மூடி விளிம்பில் பழைய சில்லு ஒட்டிய கோடு இருக்கிறது. பெயரோ எழுத்தோ எங்கும் இல்லை.

---

பழம்பாரிஸ் எழுதியது:

காதுக்குள் செதுக்கியவர் கடைக்கு மொத்தமாகச் செய்து கொடுத்தவராக இருக்க முடியாது. பெயரில்லாததால் விலை அடங்கி இருக்கும், அது உங்களுக்கு நல்லது. நேரமிருந்தால் ஏலத்துக்கு முன் நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள், மோன்சோ தெருவில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முதல்தர முலாமை அங்கே கண் நிறையப் பார்த்துவிட்டு, அதே கண்ணோடு உங்கள் ஜோடியை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

---

மூலம்தேடி எழுதியது:

பின்பக்கத்தை விவரித்த விதத்திலேயே தெரிகிறது, அது நல்ல வேலை. மூடியின் ஒட்டுக்கோட்டை மனதில் வைத்து உங்கள் உச்ச விலையை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் கால் பங்கு வரைக்கும் அல்லது அதற்கும் கூடவே கட்டணம் வரும், அதைக் கழித்துவிட்டு எழுதுங்கள். அதைத் தாண்டிக் கையைத் தூக்காதீர்கள்.

---

சேன்_கரை எழுதியது:

கமோந்தோவுக்கும் போய்விட்டு வந்தேன், இன்று ஏலமும் முடிந்தது. காகிதத்தில் எழுதியதற்குக் கொஞ்சம் கீழேயே எனக்குக் கிடைத்துவிட்டது! எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாளை மெட்ரோவில்தான் எடுத்து வரப்போகிறேன், எப்படிக் கட்டுவது?

---

வெண்கலக்கை எழுதியது:

மெட்ரோ வேண்டாம், டாக்ஸி பிடியுங்கள். மூடிகள் தனியாகக் கழன்று வந்தால் தனித்தனியாகச் சுற்றுங்கள். முதலில் அமிலமில்லாத மெல்லிய தாள், அதன் மேல் போர்வை. குமிழிப் பிளாஸ்டிக்கை நேராக முலாம் மேல் சுற்றாதீர்கள், தடம் விழும். இரண்டு ஜாடிக்கும் இரண்டு பெட்டி, நிற்கிற நிலையிலேயே வையுங்கள். படுக்கவைத்தால் நடுக்கம்பியில் பாரம் ஏறி, கழுத்தில் கல் பிளக்கும். தூக்கும்போது ஒரு கை பீடத்துக்கு அடியில், ஒரு கை உடலின் மேல். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புது மரையை முறுக்கிப் பார்க்காதீர்கள். கொஞ்சம் ஆடினால் ஆடட்டும், லியோனுக்கு எடுத்து வாருங்கள், நான் பார்க்கிறேன்.